தாளுக்கு வெளியே வைத்த புளியங்கொட்டை

வெள்ளவத்தை,
6.9.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் பிள்ளை கௌசலாவும் வன்னிக் காட்டைக் கடந்து உயிரோடு வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்த செய்தி கிடைத்த பிறகுதான் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்குகிறது. அத்தான் இருந்திருந்தால் உங்களை இவ்வளவு அலைய விட்டிருப்பாரா? சரி, அழுகிற கதை வேண்டாம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். எங்கள் பொறுப்பாளர் இங்கிரிட் என்றொரு வெள்ளைக்காரி. நல்ல மனிசி, ஆனால் அவவோடு நடந்தால் ஓட வேண்டும். வருகிற வாரம் உங்கள் முகாமுக்குத்தான் வருகிறோம். பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதப்போகிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே என்னைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம். சொந்தக்காரர் உள்ள இடத்துக்கு எங்கள் ஆட்களை அனுப்புவதில்லை என்பதால், வடக்கில் எனக்கு ஒருவரும் இல்லை என்று சொல்லித்தான் சேர்ந்தேன். வீட்டுக்கார நாகமணி அன்ரிக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். "வன்னியில ஆக்கள் இருக்கிற பிள்ளையள வச்சிருந்தா பொலிஸ் என்ர கதவைத்தான் தட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. அதனால் நான் அங்கே வெறும் மிஸ். கௌசலாவிடமும் சொல்லி வையுங்கள், அவளுடைய வாய் சும்மா இருக்காது.

இதை எங்கள் ஜீப் சாரதி மர்ஸூக் நானாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். அவரிடமே பதிலைக் கொடுங்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் தங்கச்சி,
சிவமணி

*

வவுனியா முகாம்,
27.9.1998

மதிப்புக்குரிய மிஸ் அவர்களுக்கு,

இங்கே பயனாளி நலம். தாங்கள் நலமா?

கோபிக்காதே மணி, கொஞ்சம் பகிடி விடாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும். நீ மெலிந்துபோனாய். கடைச் சாப்பாடா சாப்பிடுகிறாய்? சேலை நல்ல வடிவு.

பிறந்த நாள் தொட்டு என் பெயரை நீ வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு லிஸ்டைப் பார்த்து, "திருமதி அன்னபாக்கியம் கனகசபாபதி" என்று கூப்பிட்டாய். நான் யாரையோ கூப்பிடுகிறாய் என்று இருந்துவிட்டேன். கௌசலாதான் என்னை இடித்து எழுப்பினாள். அவள் சிரித்ததை நீ பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

நீங்கள் தாளை நிலத்தில் விரித்தீர்கள். அதில் கிணறு, தையல் மெஷின், கோழி, கக்கூஸ் என்று படங்கள். ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை தந்து, "எது முக்கியமோ அதுக்கு மேல வையுங்கோ" என்றாய். நான் பாஸ் எங்கே என்று தேடினேன். கடைக்குப் போகப் பாஸ், கூலி வேலைக்குப் போகப் பாஸ், ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ், அது இல்லாமல் இந்தக் கம்பிக்கு வெளியே கால் வைக்க முடியாது என்று உனக்கும் அந்த வெள்ளைக்காரிக்கும் எவ்வளவு நேரம் சொன்னேன்! எங்களை வெளியே விட்டால் நாங்களே உழைத்துச் சாப்பிடுவோம் என்று சொன்னேன். நீ அதை ஒரு மூச்சில் இங்கிலீசில் சொல்லி முடித்துவிட்டாய். என்ன கெட்டித்தனம்!

தாளில் பாஸுக்குப் படம் இல்லை. அதனால் தாளுக்கு வெளியே, சீமெந்தில் வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்களும் அங்கேயே வைத்தார்கள். பெரிய குவியல். வெள்ளைக்காரி குனிந்து அதைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டா. நீ சுட்டுவிரலால் அந்தக் குவியலைப் பக்கத்தில் இருந்த கோழிக்கு மேலே தள்ளினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கௌசலாவின் இடது கண்ணைப் பார்த்திருப்பாய். வரும் வழியில் ஷெல் துகள் பட்டது. இங்கே மருந்து கட்டுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

வெள்ளவத்தை,
11.10.1998

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? இங்கே மழை. காலி வீதியில் பஸ் எல்லாம் தண்ணீரில் நிற்கிறது. நேற்றும் ரவுண்டப், எங்கள் ஒழுங்கை முழுவதையும் அடையாள அட்டையோடு வெளியே நிற்க வைத்தார்கள். வேலை செய்கிற கந்தோரின் அட்டையைக் காட்டினேன், என்னை விட்டுவிட்டார்கள். இந்த அட்டை இல்லாவிட்டால் நானும் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றப்பட்டிருப்பேன். அதையும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அக்கா, நீங்கள் நினைப்பதுபோல் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. 'வாழ்வாதாரம்' என்று எழுதினால் தூரத்தில் ஒருவர் தலையாட்டுவார். 'வலுவூட்டல்' என்று சேர்த்தால் கையெழுத்தே போட்டுவிடுவார். 'எங்களை வெளியே விடுங்கள்' என்று எழுதினால் அது அரசியல். "அரசியல் கதைச்சா நாளைக்கு எங்களை முகாமுக்குள்ளேயே விட மாட்டினம், பிறகு இருக்கிறதும் இல்லை" என்று இங்கிரிட் சொல்கிறா. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறதா இல்லையா? அந்தக் கதவருகில் சீருடையோடு ஒருவர் கதிரை போட்டு இருந்தாரே, அவருக்கு ஆங்கிலம் தெரியும். நீங்கள் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன நடந்திருக்கும்? உங்களைக் காப்பாற்றத்தான் சுருக்கினேன்.

நல்ல செய்தி ஒன்று. திட்டம் பாஸாகிவிட்டது. உங்கள் முகாமுக்குத்தான் முதலில். பெண்களே தங்கள் தேவையைத் தெரிவு செய்தார்கள் என்று பெரிய இடத்தில் பாராட்டினார்களாம்.

கௌசலாவின் கண்ணுக்குச் சுத்தமான பஞ்சும் சொட்டு மருந்தும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவமணி

*

வவுனியா முகாம்,
8.11.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

பஞ்சு கிடைத்தது. கோழியும் கிடைத்தது.

அடி மணி, நாங்கள் பரம்பரையாகச் சைவம் என்பதைக் கொழும்புத் தண்ணீர் உனக்கு மறக்கடித்துவிட்டதா? என் கையில் ஒரு வெள்ளைக் கோழியைத் திணித்துப் படம் பிடித்தார்கள். நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாங்கள் இருப்பது பள்ளிக்கூட மண்டபத்தில். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவே சேலைதான் சுவர். அந்தச் சேலைக்குள் நான், கௌசலா, கோழிகள். முட்டையை விற்கலாம் என்றால் மண்டபத்தில் எல்லாரிடமும் கோழி, யார் வாங்குவது? சந்தைக்குக் கொண்டுபோகப் பாஸ் வேண்டும். கடைசியில் காவல் சென்றியில் நிற்கிற பெடியன்தான் அரை விலைக்கு எடுக்கிறான். போன கிழமை இரண்டு கோழி கம்பிக்கு மேலால் பறந்து ரோட்டுக்குப் போய்விட்டன. நாங்கள் இந்தப் பக்கம் நின்று "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றோம். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னைக் காப்பாற்றினதாக எழுதியிருந்தாய். கதவருகில் இருந்தவர் உன்னைவிட நல்லாய்த் தமிழ் கதைப்பார், தங்கச்சி. என் வாயால் வந்தபோதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு விளங்காமல் போனது வெள்ளைக்காரி ஒருத்திக்குத்தான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கௌசலாவின் காயப்பட்ட கண் சரிவராது, அதைக் கெதியாக எடுக்காவிட்டால் நல்ல கண்ணையும் கெடுத்துவிடும் என்று பெரிய டொக்டர் சொன்னார். கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸ் தருவார்களாம். ஆனால் கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்து, பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். "உங்களுக்குக் கொழும்பில ஆர் இருக்கினம்?" என்று டொக்டர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சுகத்துக்கு எழுது.
அக்கா

*

வெள்ளவத்தை,
20.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். கந்தோரில் வருட முடிவு, இருந்து எழும்ப நேரமில்லை. நோபேட் என்று எங்கள் கணக்காளர், கொட்டாஞ்சேனைப் பெடியன், அவரும் நானும்தான் எல்லா ரிப்போர்ட்டையும் இழுக்கிறோம். இடையில் இரத்மலானையில் ஒரு கருத்தரங்கு. நாள் முழுக்க 'பங்கேற்பு' என்று கதைத்தார்கள். கேள்வி கேட்க ஒருவருக்கும் நேரம் தரவில்லை. நாகமணி அன்ரி வாடகையைக் கூட்டுகிறா. தெஹிவளையில் அறை பார்த்தேன், "எந்த ஊர்?" என்றுதான் முதல் கேள்வி.

முகாமில் ஒரு சிறுமிக்குக் கண் வைத்தியம் தேவை என்று இங்கிரிட்டிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பாவம், அவவுக்கும் மனவருத்தம்தான். தனி ஆளுக்கு உதவி செய்ய எங்கள் திட்டத்தில் இடமில்லையாம், சமூகத்துக்குத்தானாம். ஒரு பிள்ளை சமூகத்தில் சேராதா என்று என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் கோழித் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். நானும் வருவேன். கௌசலாவுக்கு வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு விடுங்கள், இத்துடன் அனுப்புகிறேன்.

அவசரத்தில் முடிக்கிறேன்.
சிவமணி

*

வவுனியா முகாம்,
3.1.1999

மணிக்கு,

சுகம் கேட்க மனமில்லை. கண்ணாடி கிடைத்தது.

நேற்றிலிருந்து நல்ல கண்ணும் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் தண்ணீர் ஓடுகிறது. பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார் வாளி எங்கே என்று அவள் கையால் தடவியபோதுதான் கண்டுபிடித்தேன்.

பெரியவர்கள் வந்தால் கோழியால் என் வாழ்க்கை மாறியது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறேன். அதில் என்ன குறைந்துவிடும்.

அக்கா

*

வவுனியா முகாம்,
3.1.1999

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இதை அம்மாவுக்குத் தெரியாமல் மர்ஸூக் மாமாவிடம் கொடுக்கிறேன். எழுத்துப் பெரிதாக இருந்தால் கோபிக்காதீர்கள், சின்னதாக எழுதினால் எனக்கே தெரிவதில்லை.

அன்றைக்கு நீங்கள் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு அம்மா அழுதா. ஏன் என்று கேட்டேன், "என்ர பேரை இவ்வளவு வடிவாய் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை" என்றா. அது பொய் என்று எனக்குத் தெரியும்.

சின்னம்மா, வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தாலேயே ரயில் போகுமாமே. அலை அடித்தால் யன்னலுக்குள் தண்ணீர் தெறிக்குமாமே. அதைப் பார்க்க எனக்குச் சரியான ஆசை. ஒரு கண்ணால் பார்த்தாலும் போதும். இருட்டாகிவிட்டால் பயம்.

இப்படிக்கு,
கௌசலா

*

வவுனியா முகாம்,
24.1.1999

என் தங்கச்சிக்கு,

ஜீப்பில் ஏறிப் போனவள் போனவள்தான், ஒரு செய்தியும் இல்லை. சுகமாக இருக்கிறாயா? அந்த வெள்ளைக்காரி உன்னை வழியில் இறக்கிவிட்டாவோ என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

முகாமில் இன்னும் உன்னைப் பற்றிய கதைதான். பெரியவர்கள் வந்த அன்று நான் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லித் தந்ததை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ லிஸ்டை எடுத்தாய். என் பெயர் வரும் என்று பார்த்தால் வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, "அக்கா, அண்டைக்கு நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ" என்றாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி நீ சொன்ன முதல் வசனம் எனக்கே விளங்கியது. மை ஓன் சிஸ்டர் என்றாய்.

வெள்ளைக்காரி உன் மூக்கைப் பார்த்தா, என் மூக்கைப் பார்த்தா. எங்கள் அப்பாவின் மூக்கை எங்கே ஒளிப்பது?

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ், சந்தை, சென்றிப் பெடியன், புளியங்கொட்டை, பிள்ளையின் கண். நீ அவ்வளவையும் சொன்னாய். நான் எடுத்த நேரம் நீயும் எடுத்தாய். கதவருகில் இருந்தவர் எழும்பினார். மனுசன் கௌசலாவைப் பார்த்தார், திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு நீ முகாம் கந்தோருக்கு வந்து பொறுப்புக் கையெழுத்து வைத்தாய். பாஸ் வந்துவிட்டது, ஆனால் அவளுக்கு மட்டும். அவள் திரும்பி வரும்வரை தாய் இங்கே இருக்க வேண்டுமாம். மர்ஸூக் தம்பி, தன் மனைவியும் கூட வருவதாகவும், இரட்டைபெரியகுளம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பதாகவும் சொன்னார்.

அவளுக்குப் பருப்பு என்றால் உயிர். மருந்து குடிக்க வைக்கும்போது மூக்கைப் பிடி.

உன் அக்கா

*

கொட்டாஞ்சேனை,
21.2.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கௌசலாவும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றக் கண் தப்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் ஆரம்பித்தார், நான் காதைப் பொத்திக்கொண்டேன். நவம்பரிலேயே வந்திருக்க வேண்டியவள் நான்.

விலாசம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள். நாகமணி அன்ரி பிள்ளையின் கட்டுப்போட்ட கண்ணைக் கண்டதும் என் பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டா. நோபேட்டின் தாய் மாக்ரெட் அன்ரிதான் தன் வீட்டில் பின்னறை தந்தா. இங்கே பக்கத்திலேயே கோயில் மணி, தேவாலய மணி, துறைமுகத்தில் கப்பல் சத்தம். கௌசலா எல்லாவற்றுக்கும் எழும்பி யன்னலுக்கு ஓடுகிறாள்.

வேலை போய்விட்டது. இங்கிரிட் சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே நான் கதைச்சனான், இனி நீங்கள் சொல்ற எதை நான் நம்புறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. முதல் தடவை சொன்னது பொய், இரண்டாம் தடவை சொன்னது உண்மை என்றேன். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேனாம். உங்கள் சந்திப்பு ரிப்போர்ட்டில் எப்படி வந்தது என்று நோபேட் சொன்னார்: 'பயனாளிகள் கோழித் திட்டத்தை விரிவாக்க விரும்பினர்.' நான் போன பிறகு வேறு யாரோ சுட்டுவிரலால் தள்ளியிருக்கிறார்கள்.

பிள்ளையைப் பொலிஸில் பதியக் கொண்டுபோனேன். "மே கௌத?" என்று அங்கிருந்த பொலிஸ்காரர் கேட்டார். யார் இது என்று. "மகே அக்காகே துவ" என்றேன். என் அக்காவின் மகள். கந்தோரில் வாயில் வராதது அங்கே சிங்களத்தில் சத்தமாக வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

நேற்று வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரயிலில் ஏற்றினேன். தண்ணீர் தெறித்தது. "அம்மாவுக்கு எழுதுங்கோ, தெறிச்சது எண்டு" என்கிறாள். பாஸ் சித்திரை வரைதான். நீடிக்கக் கேட்டிருக்கிறேன். கந்தோர் அட்டை இல்லாததால் இப்போது ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என்னை இறக்கி நிறுத்துகிறார்கள். அது பரவாயில்லை.

உங்கள்,
சிவமணி

*

வவுனியா முகாம்,
9.4.1999

என் தங்கச்சிக்கு,

கடலும் ரயிலும் தெறித்த தண்ணீரும் படித்தேன். படித்துவிட்டு மண்டபத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ சுகமாக இரு.

பாஸை நீடிக்க மாட்டார்களாம். முகாம் லிஸ்டில் பெயர் உள்ளவர்கள் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவளை இந்தத் தூசிக்குள்ளும் கோழி எச்சத்துக்குள்ளும் கொண்டுவந்தால் மிச்சக் கண்ணும் போய்விடும். லிஸ்டிலிருந்து பெயரை வெட்டுவதற்கு வழி இல்லையா என்று கேட்டேன். கதவருகில் இருந்த அந்த ஆள்தான் குரலைத் தணித்துச் சொன்னார், "பிள்ளையைத் தங்கச்சிக்கே முழுசாக் குடுத்திட்டன், இனி எனக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு எழுதிக் குடுங்கோ அம்மா, வெட்டலாம்" என்று.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைப்போல் சுருக்கமாக எழுதினேன், ஒரு வரிதான். என் கையெழுத்து முதல் தடவையாகச் சாய்ந்துவிட்டது.

மணி, ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய், உன்னைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம் என்று. இப்போது நான் கேட்கிறேன். யார் கேட்டாலும் அவளுக்குத் தாய் நீதான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர். என்னை அம்மா என்று எழுத வேண்டாம் என்று அவளுக்குச் சொல். கேட்க மாட்டாள், அழுவாள், அவளுக்குப் பருப்புக் காய்ச்சிக் கொடு. தொடர்பு இருக்கிறது என்று கண்டால் பெயரைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அதனால் இதற்குப் பதில் போடாதே.

மர்ஸூக் தம்பி கோழித் தீவனத்தோடு மாதம் ஒருமுறை வருவார். அவர் கையில் ஒரு வெறும் உறையைக் கொடுத்துவிடு. பயனாளிகளுக்கு வருகிற கடிதம் மாதிரி இருக்கட்டும், உள்ளே ஒன்றும் வைக்காதே. பிள்ளை சுகம் என்றால் வெளியே உன் கையால் என் பெயரை மட்டும் எழுது. அக்கா என்று எழுதிவிடாதே. அன்றைக்குக் கூப்பிட்டாயே, அதைப்போல முழுப் பெயரையும் எழுது.

அன்னபாக்கியம் கனகசபாபதி